விண்ணப்பத்தில் விட்டுப்போன பெயர்

இருபதாம் நூற்றாண்டு பிறந்து ஐந்தாறு வருஷம்தான் ஆகியிருக்கும். சிங்கப்பூர்த் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் நான் எழுத்து வேலை பார்த்தேன். எல்லோரும் 'கிராணி' என்றுதான் கூப்பிடுவார்கள்.

சிராங்கூன் சாலையில், மாட்டுக் கொட்டகைகளுக்குப் பின்னால், நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து அத்தாப்பு ஓலை வேய்ந்த ஒரு குடிசையை வாடகைக்கு எடுத்திருந்தோம். காய்ச்சல் தணிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வரும் கூலியாட்கள், மறுபடி மண்வெட்டி பிடிக்கத் தெம்பு வரும்வரை அங்கே தங்கிக் கஞ்சி குடிக்கலாம்.

கடை கடையாக ஏறி வசூல் செய்துதான் காலம் ஓடியது. ஒரு மழைக்காலத்தில் வசூல் படுத்துவிட்டது. அரிசி இல்லை என்று ஒருவரைத் திருப்பி அனுப்பினோம். மறுநாள் அவர் சாலையோரத்தில் இறந்து கிடந்தார். அதற்குப் பிறகு எங்களுக்கு மனசு ஆறவில்லை. மாதாமாதம் கையேந்துவதை விட்டு, மூன்று வருஷத்துக்குச் சேர்த்தே உதவி கேட்பது என்று முடிவு செய்தோம்.

நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு முஸ்லிம் அரிசி வியாபாரி, தர்மத்துக்கென்று தனியாக ஒரு பங்கு ஒதுக்குவார். அவருக்கு நான்தான் விண்ணப்பம் எழுதினேன். நான்கு பக்கம். கீழே, செயலாளர் என்று என் கையெழுத்து.

ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. பினாங்கில் கூடுதல் சம்பளத்துக்கு ஒரு வேலையை ஒப்புக்கொண்டிருந்தேன். தைப்பூசம் கழிந்ததும் கப்பல். உதவி கிடைத்துவிட்டால் மற்றதை யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

விண்ணப்பத்தோடு அந்த அரிசி முதலாளியின் கடைக்குப் போன அன்று நல்ல மழை. எங்கள் ஐவரில் ஒருவரான வண்டிக்காரர் தன் மாட்டுவண்டியில் என்னைக் கூட்டிப்போனார். கடைக்குள் நான் உட்கார்ந்தேன்; அவர் வாசலிலேயே நின்றுகொண்டார்.

முதலாளி நிதானமாகக் கடைசி வரி வரைக்கும் படித்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க கிராணி. மூணு வருஷம் நான் அரிசி தந்துடுவேன். மூணு வருஷமும் நீங்க இருப்பீங்களா?"

'இருப்பேன்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பொய் சொல்ல மனசு வரவில்லை.

"இல்லீங்க முதலாளி. தை மாசம் பினாங்குக்குப் போறேன்."

அவர் தாள்களை மடித்து என் பக்கம் தள்ளினார். எல்லாம் கெட்டது என்று எழுந்தேன்.

அப்போது வாசலிலிருந்து வண்டிக்காரரின் குரல் வந்தது.

"நான் இருக்கேன் முதலாளி. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனா ஆளுங்கள ஏத்திக்கிட்டு வர்றது, கஞ்சி காய்ச்சுறது எல்லாம் இப்பவும் நான்தான்."

முதலாளி என்னைப் பார்த்தார். "இவர் பேரு இதுல எங்க இருக்கு?"

நான்கு பக்கத்தில் ஓரிடத்திலும் இல்லை. எனக்கு முகம் எரிந்தது. அங்கேயே வேறொரு தாள் வாங்கி எழுதினேன். பொறுப்பாளர் என்ற இடத்தில் வண்டிக்காரர் கட்டைவிரல் வைத்தார். முதலாளி அவரிடமே, "முதல் மூட்டைய இன்னிக்கே வண்டியில ஏத்திக்குங்க" என்றார்.

திரும்பும் வழியில் வண்டிக்காரர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "போறத எங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம்லா."

பினாங்குக்குப் போனேன். மூன்று வருஷம் கழித்து வந்து பார்த்தபோது குடிசைக்குப் பக்கத்தில் இன்னொரு குடிசையும் இருந்தது. ஒருவரைக்கூடத் திருப்பி அனுப்பவில்லையாம்.

எத்தனையோ விண்ணப்பங்கள் எழுதிவிட்டேன்; ஆனால் அதில் சொல்லியிருக்கும் வேலையை உண்மையில் செய்கிறவர் யார் என்று விசாரிக்காமல், அன்றிலிருந்து ஒன்றில்கூட நான் கையெழுத்துப் போட்டதில்லை.