குரல் கொடுக்காமல் ஏறி வந்தவர்

போன வாரம் ஒரு மாலை, கல்லூரிக்குப் போயிருந்த என் மகளின் கைப்பேசி வெகுநேரம் அணைந்து கிடந்தது. அதே நேரம் பார்த்து, செம்பாக்கத்தில் நாங்கள் இருக்கும் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில், ஜி.எஸ்.டி. ரோட்டில் கல்லூரிப் பேருந்து ஒன்று கவிழ்ந்துவிட்டதாக யாரோ ஒரு படத்தைப் போட்டார்கள். எந்த ஊரிலோ என்றைக்கோ எடுத்த படம் அது என்று பிறகு தெரிந்தது. மகள் வந்தாள். சார்ஜ் போய்விட்டது என்றாள். தோசை சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போனாள். எனக்குத்தான் இன்னும் சரியாகவில்லை. ஃபோன் அடித்தால் யார் என்று பார்க்காமலே எடுத்துவிடுகிறேன். ஒரு பொய்ப் படத்துக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று என் கணவர் கேட்கிறார். அவர் சமதரையில் வளர்ந்தவர். நான் வளர்ந்தது மலையில். அங்கே செய்தி நம்மை நோக்கி வருவதைக் கண்ணால் பார்க்க முடியும்.

மலை என்று சொன்னால் ஊட்டிக்காரர்கள் சிரிப்பார்கள். குரோம்பேட்டையிலிருந்து பம்மல் போகும் வழியில் இருந்த ஒரு பாறைக்குன்று, அவ்வளவுதான். ஆனால் அதன் உச்சியில் நின்றால் மீனம்பாக்கத்தில் இறங்கப் போகும் விமானத்தின் ஜன்னல்கள் வரிசையாகத் தெரியும். காற்று திசை மாறினால் தோல் தொழிற்சாலைகளின் வாடை படியேறி வீட்டுக்குள் வரும். மேலே போக ஒரே பாதை. சில இடங்களில் பாறையையே வெட்டிய படி, சில இடங்களில் யாரோ வீடு கட்டி மிஞ்சிய செங்கல்லில் போட்ட படி. அந்தப் பாதையை ஒட்டி வீடுகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஏறிப்போகும். கீழ் வீட்டின் மொட்டைமாடியும் மேல் வீட்டின் வாசலும் ஒரே உயரத்தில் இருக்கும்.

எங்கள் பாதையில் எந்த வண்டியும் ஏறாது. தண்ணீர் லாரி, கெரசின் வண்டி, தபால்காரர் எல்லாம் அடிவாரத்தில் இருந்த அண்ணாச்சி கடையோடு நின்றுவிடும். அதற்குமேல் ஏறுவது குரல் மட்டும்தான். அண்ணாச்சி கடை வாசலில் நின்று "தண்ணி லாரி" என்று ஒரு குரல் கொடுப்பார். முதல் வீட்டில் மாடு வைத்திருந்த பால்கார அக்கா அதை வாங்கி மேல் வீட்டுக்குக் கொடுப்பாள். அவர்கள் அதற்கு மேல் வீட்டுக்கு. இப்படி ஏறும்போது செய்தி கொஞ்சம் சதை போடும். "கெரசின் வந்திருக்கு" என்று கீழே புறப்பட்டது, "கெரசின் தீரப்போகுது" என்று எங்களிடம் வந்து சேரும். அதில் தப்பு சொல்ல முடியாது. நாங்கள் கேனைத் தூக்கிக்கொண்டு இறங்குவதற்குள் பெரும்பாலும் அது உண்மையாகியிருக்கும்.

மலைக்கே இருந்த ஒரே ஃபோன் அண்ணாச்சியுடையது. எல்லா வீட்டாரும் அந்த நம்பரைத்தான் உறவினர்களுக்குக் கொடுத்து வைத்திருந்தார்கள். பெண் பார்க்க வருகிறார்கள், பிரசவமாகிவிட்டது, மாமியார் ரயிலேறிவிட்டார் என்று எது வந்தாலும் அது வழியிலுள்ள எல்லா வாசலையும் மிதித்துக்கொண்டுதான் உரியவரிடம் போகும். தனக்குப் பேரன் பிறந்திருக்கிறான் என்பதைக் கடைசியாகக் கேட்பவர் அந்தத் தாத்தாவாகத்தான் இருப்பார்.

ஒன்றை மட்டும் குரலில் அனுப்ப மாட்டார்கள். சாவு. இதை யார் வகுத்தார்கள் என்று தெரியாது. ஃபோனில் அப்படி ஏதாவது வந்தால் அண்ணாச்சி கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தானே ஏறி வருவார். வழியில் யார் கேட்டாலும் வாய் திறக்க மாட்டார். உரிய வீட்டு வாசலில் போய் நின்ற பிறகுதான் சொல்வார். அவர் கடந்துபோன வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டு அவர் பின்னாலேயே ஏறி வருவார்கள். அழும் வீட்டில் உடனே ஆள் இருக்க வேண்டும் என்பதற்காக. எனக்கு அப்போது எட்டு வயது. இந்த ஏற்பாடு எனக்குத் தெரியாது. அண்ணாச்சி பேசாமல் ஏறும் நாட்களில் எங்களை உள்ளே இழுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

எங்கள் வீடு மேலிருந்து இரண்டாவது. எங்களுக்கு மேலே டீச்சர் வீடு, அதற்கு மேலே வெறும் பாறை. டீச்சருக்குக் கணவர் இல்லை. ஒரே மகன் பட்டாளத்தில் சேர்ந்து வடக்கே எல்லையில் எங்கோ இருந்தான். எங்கள் வீட்டில் முருகன் காலண்டர், அவர் வீட்டில் வேளாங்கண்ணி மாதா படம். அம்மாவும் டீச்சரும் ஒரு நாள் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. அம்மா வைக்கும் குழம்பில் ஒரு கிண்ணம் மேலே போகும். கிண்ணம் காலியாகத் திரும்பி வராது. ஞாயிறு என்றால் கறி, மற்ற நாட்களில் ஒரு கொத்து கறிவேப்பிலையாவது இருக்கும்.

அப்பா லைன்மேன். மின்கம்பத்தில் ஏறி வேலை பார்ப்பவர். அந்த வருஷம் புயல் அடித்து ஓய்ந்ததும் செங்கல்பட்டுப் பக்கம் விழுந்த கம்பங்களை நிமிர்த்துவதற்கு ஆட்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அப்பாவும் போனார். போனவரிடமிருந்து நாட்கணக்கில் ஒரு தகவலும் இல்லை. அம்மா அதைப் பற்றிப் பேசவில்லை. அப்பா வந்தால் ஆம்லெட் போடுவதற்கென்று கடைசி இரண்டு முட்டைகளை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருந்தாள். நானும் தம்பியும் அடிக்கடி பானையைத் திறந்து, அவை இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டோம்.

மழை விட்ட ஒரு மாலை. அம்மா வாசலில் உட்கார்ந்து முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே அண்ணாச்சி கடையின் ஷட்டர் பாதி இறங்கியது. அண்ணாச்சி வெளியே வந்தார். தலையையும் தாடையையும் சேர்த்துத் துண்டால் கட்டியிருந்தார். ஒரு கை கன்னத்தில் இருந்தது. படியேறத் தொடங்கினார்.

பால்கார அக்காவின் குரல் மலை முழுக்கக் கேட்டது.

"இன்னா அண்ணாச்சி, யார் வூட்டுக்கு?"

அண்ணாச்சி கன்னத்திலிருந்து கையை எடுக்காமல், மற்றக் கையை அப்படியும் இப்படியும் அசைத்துவிட்டு மேலே நடந்தார். அக்கா புடவை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் வந்தாள். அடுத்த வீட்டில் ஒரு பெண் எழுந்து நின்று, அவர் தாண்டிப் போனதும் வாசற்படியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு அவளும் சேர்ந்துகொண்டாள்.

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். நேராக உள்ளே போனாள்.

"ரெண்டு பேரும் வாங்க. தட்டு எடுங்க."

"இப்பதானம்மா சாப்ட்டோம்," என்றேன்.

"திரும்பச் சாப்புடு."

அடுப்பு எரிந்தது. அரிசிப் பானைக்குள் கைவிட்டு அம்மா அந்த இரண்டு முட்டைகளையும் எடுத்தாள். என்னால் நம்ப முடியவில்லை. இரண்டையும் உடைத்து ஊற்றி, பாதி வேகும்போதே எடுத்து எங்கள் தட்டில் போட்டாள். மத்தியானச் சோற்றை வழித்துப் போட்டு, குழம்பைச் சட்டியோடு கவிழ்த்தாள். தம்பிக்குத் தானே ஊட்டினாள். பெரிய பெரிய கவளம். அவன் முழுங்குவதற்குள் அடுத்தது வாயருகில் காத்திருந்தது. நடுநடுவே கதவுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள்.

"மெதுவாம்மா," என்றான் தம்பி.

"சீக்கிரம் முழுங்கு கண்ணு. தண்ணி குடி."

எனக்கு ஒரே குஷி. பண்டிகையும் இல்லை, காய்ச்சலும் இல்லை, அப்பாவின் முட்டை எங்கள் தட்டில். சாவு விழுந்த வீட்டில் அடுப்பெரியாது என்பதும், அதன் பிறகு குழந்தைகளை யார் கவனிப்பார்கள், எப்போது சோறு கிடைக்கும் என்று சொல்ல முடியாது என்பதும் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் உறைத்தது. செய்தி வாசலுக்கு வருவதற்கு முன் எங்கள் வயிறு நிறைந்துவிட வேண்டும் என்று அம்மா ஓடியிருக்கிறாள்.

தட்டோடு நான் வாசலுக்கு வந்தேன். அண்ணாச்சி எங்களுக்குக் கீழே இருந்த தையற்காரர் வீட்டைத் தாண்டிவிட்டார். பின்னால் ஒரு கூட்டமே வந்தது. இனி இரண்டே வீடுகள். ஒன்று எங்களுடையது, இன்னொன்று டீச்சருடையது; எங்களைத் தாண்டினால் டீச்சர்தான். டீச்சர் மேலே தன் வீட்டு மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். எச்சில் கையோடு அம்மா என் பக்கத்தில் வந்து நின்றாள். அம்மா மேலே பார்த்தாள். டீச்சர் கீழே பார்த்தார். தினமும் பார்த்துச் சிரித்துக்கொள்கிற இருவர், யாரோ அதட்டியது போல ஒரே நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அண்ணாச்சி எங்கள் வாசலில் நின்றார்.

டீச்சர் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டார். கூட்டத்திலிருந்து ஒரு பெண் ஓடிவந்து அம்மாவின் தோளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரியின் முதல் அடியை எடுத்தேவிட்டாள். அண்ணாச்சிக்கு மூச்சு வாங்கியது. எங்கள் படியில் உட்கார்ந்தார். துண்டை அவிழ்த்தார். வாயிலிருந்து ரத்தம் தோய்ந்த பஞ்சு ஒன்றை எடுத்து ஓரமாகப் போட்டார். அழத் தொடங்கிய பெண் பயந்து நிறுத்திவிட்டாள்.

"லைன்மேன் சாரு ஃபோன் பண்ணுனாரு," என்றார் அண்ணாச்சி, வீங்கிய வாயால். "வேலை முடிஞ்சிட்டாம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்துருவாராம். வெந்நி போட்டு வைக்கச் சொன்னாரு."

ஒப்பாரி எடுத்த பெண் அம்மாவின் தோளிலிருந்து கையை எடுத்தாள். பிறகு பால்கார அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"வெந்நியா? வெந்நி போடச் சொல்லவா ஷட்டர பாதி எறக்கினு வந்தே?"

"பல்லு புடுங்கியிருக்கேம்லா. கத்தப்படாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. கடையில வேற ஆளு இல்ல. முழுசா சாத்துனா யாவாரம் போயிரும்."

"கன்னத்துல கை வெச்சுகினு வந்தியே, அது இன்னாத்துக்கு?"

"வலிக்கிற எடத்துலதானே கைய வைக்க முடியும்."

"யாருக்குன்னு கேட்டேனே, ஒண்ணுமில்லன்னு கைய ஆட்டி சொல்லக் கூடாதா?"

"ஆட்டுனேனே."

"யோவ், அந்த ஆட்டல பாத்துதான்யா எங்களுக்கு உசுரே போச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். தேவைக்கு மேலேயே சிரித்தார்கள். ஒப்பாரி எடுத்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வந்ததே வந்தோம் என்று எங்கள் வீட்டு முருங்கையில் கீரை பறித்துக்கொண்டு போனாள். வலிக்கிற வாயோடு அத்தனை படி ஏறியதற்காக அண்ணாச்சியைப் பாராட்ட யாருக்கும் தோன்றவில்லை. இந்த வீட்டில் ஒருத்தி தகவலுக்காகக் காத்திருக்கிறாள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, அதனால் வந்தார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. உள்ளே போய் அடுப்பில் தண்ணீர் வைத்தாள்.

அப்பா வந்தார். குளித்தார். முட்டை எங்கே என்றார்.

"நாங்க சாப்ட்டோம்," என்றான் தம்பி.

"பசங்க கேட்டாங்க," என்றாள் அம்மா.

நான் கேட்கவே இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் மறுநாள் குழம்புக் கிண்ணம் மேலே போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறு கறி கீழே வரவில்லை. அம்மா துணி காயவைக்கப் போனால் டீச்சர் உள்ளே போய்விடுவார். டீச்சர் மதிலருகே வந்தால் அம்மாவுக்கு அடுப்படியில் ஏதாவது வேலை வந்துவிடும். நான் மட்டும் மாலையில் டீச்சர் வீட்டுக்குக் கணக்குப் படிக்கப் போய்வந்துகொண்டிருந்தேன்.

"டீச்சரோட சண்டையாம்மா?" என்று கேட்டேன்.

"சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல. நீ படிக்கிற வேலையப் பாரு."

ஒரு நாள் டீச்சரிடமே கேட்டுவிட்டேன். அவர் திருத்திக்கொண்டிருந்த என் கணக்கு நோட்டை மூடி வைத்தார்.

"சண்டை போட்டிருந்தா நல்லாருந்திருக்கும்," என்றார். "அன்னைக்கு அண்ணாச்சி ஏறி வந்தார்ல? அப்ப நானும் உங்கம்மாவும் ஒண்ணையேதான்டி வேண்டிக்கிட்டோம். அது ரெண்டு பேருக்குமே தெரிஞ்சுபோச்சு."

கையில் கிடைத்த செய்தியை அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் மலையில் குழந்தைகளுக்கும் ஊறிய பழக்கம். நான் இறங்கி வந்து அம்மாவிடம் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் ஒப்பித்தேன். அம்மா அம்மியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள். குழவி நின்றது.

"அவங்களே சொன்னாங்களா?"

"ஆமா."

"ஒண்ணையேதான்னா சொன்னாங்க?"

"ஒண்ணையேதான்னு."

அம்மா கையைக் கழுவினாள். புடவையில் துடைத்துக்கொண்டு படியேறினாள். கிண்ணம் எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. டீச்சர் கதவைத் திறந்தார். இருவரும் என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. பேசினார்களா என்றே தெரியவில்லை. டீச்சர் அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொள்வது மட்டும் தெரிந்தது. பிறகு இரண்டு பேரும் அழுதார்கள்.

நான் அம்மிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்தேன். அப்பா பத்திரமாகத் திரும்பி வந்துவிட்டார். டீச்சரின் மகனிடமிருந்தும் கடிதம் வந்திருந்தது. ஒருத்தர் முருகனிடம் கேட்டதும் இன்னொருத்தர் மாதாவிடம் கேட்டதும் அப்படியே பலித்திருக்க, இவர்கள் எதற்காக அழுகிறார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை.