மழைக்குப் போன வீடுகளும் ராக்கப்பன் மேஸ்திரியும்

விடியக்காலம் மண்டபம் கருவாட்டுக் கிட்டங்கிக்கு வேலைக்கு ரயிலேறிப் போன என் மருமகள் பொழுது உச்சிக்கு வருமுன்னே திரும்பி வந்தாள். தூக்குவாளியில் கஞ்சி கொண்டுபோனபடியே இருந்தது. "மாமா, மேஸ்திரி போயிட்டாரு. ராத்திரி நெஞ்சு வலிக்குதுன்னாராம், அவ்வளவுதானாம். கிட்டங்கிய அடைச்சிட்டாக" என்றாள். "அரைக் கூலியாவது உண்டா?" என்று கேட்டேன். இல்லை என்றாள். செத்த அன்றைக்கும் அறுபது பேரை வெறுங்கையோடு ரயிலேற்றி அனுப்பிவிட்டுத்தான் மனுசன் போயிருக்கிறார்.

அவர் பேரில் ஒரு நினைவு மலர் அச்சடிக்கப் போகிறோம், கருவாட்டுக் கிட்டங்கியில் அவரிடம் ரொம்பக் காலம் வேலை பார்த்தவர் நீங்கள்தான், நல்லதாக நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டு வந்தார்கள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்ல, ஐந்தாம் வகுப்பு வரை படித்த என் மருமகள் எழுதுகிறாள். எழுத உட்காரும்போதே, "செத்தவரப் போயி இப்படி எழுதலாமா மாமா?" என்றாள். "உசுரோட இருக்கும்போது சொல்ல விட்டாரா? எழுது" என்றேன். மேஸ்திரியைத் தெரிந்தவர்கள் இதைப் படித்துவிட்டு என்னை ஏசலாம். நான் சொல்வதில் ஒரு வார்த்தை பொய் என்று மட்டும் சொல்ல முடியாது.

நான் முதன்முதலில் அவர் முன்னால் போய் நின்றது சுதந்திரம் வந்ததற்கு மறுவருசம். எங்கள் ஊரிலிருந்து உச்சிப்புளி ரயிலடிக்கு மூன்று கல் நடை. அங்கிருந்து ரயிலில் மண்டபம். இறங்கினால் பிளாட்பாரத்தில் குடையை ஊன்றிக்கொண்டு மேஸ்திரி நிற்பார். யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார். வீட்டைச் சொல்லித்தான் கூப்பிடுவார். "கிணத்தடி வீடு வந்தாச்சா? ஓட்டு வீடு? வேம்படி வீடு?" என்று கேட்டுக்கொண்டே வருவார். எங்களுடையது புளியடி வீடு. ஒரு வீட்டுக்கு ஓர் இடம், அதற்கு மேல் கிடையாது என்பது அவர் வைத்த சட்டம். எத்தனை வீட்டில் அடுப்பு எரிய வைத்தார் பார் என்று இன்றைக்கு அதைத்தான் எல்லோரும் புகழ்கிறார்கள். எரிய வைத்தார், இல்லை என்று சொல்லவில்லை. அணைக்கவும் அவருக்குக் குடை நுனி போதும். ஒரு நாள் வீட்டைக் கூப்பிடாமல் விட்டால் சாயங்கால ரயில் வரும்வரை பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

அன்றைக்கு என் கையை விரித்துப் பார்த்தார். "ஏர் புடிச்ச கை. உப்புக்கு ஆகும்" என்றார். அன்று மத்தியானமே ஒரு கெளுத்தி முள் உள்ளங்கையில் ஏறி மறுபக்கம் தெரிந்தது. நான் துடித்த துடிப்பைப் பார்த்துக் கடற்கரைப் பெண்கள்கூட வெட்டுவதை நிறுத்திவிட்டார்கள். மேஸ்திரி வந்து என் மணிக்கட்டைப் பிடித்து உப்புத் தொட்டிக்குள் முழங்கை வரை முக்கினார். "கத்தாத ஏலே. நாளைக்கு வரணும்ல?" என்றார். மறுநாள் போனேன். வேம்படி வீட்டுத் தம்பிக்காரன் தனிக்குடித்தனம் வந்திருந்தான், நான் போகாவிட்டால் என் இடம் அவன் வீட்டுக்குப் போய்விடும்.

மழைதான் அவருக்கும் எங்களுக்கும் சண்டை. இதைக் கடற்கரையில் பிறந்தவர்களுக்குக் கொஞ்சம் சொன்னால்தான் விளங்கும். எங்கள் நிலம் மேகத்தை நம்பிய நிலம். ஐப்பசி பிறக்குமுன் ஒரு மழை விழுந்தால் அந்த ஈரம் மூன்று நாள்தான் மண்ணில் நிற்கும். அந்த மூன்று நாளுக்குள் உழுது விதைத்தால் உண்டு. விட்டால் அந்த வருசம் தரிசுதான். கிட்டங்கியிலோ மணலில் சூடையும் சாளையுமாக மீனைப் பரப்பிக் காயப்போட்டிருக்கும். வானம் கறுத்தால் அத்தனையையும் அள்ளிக் கொட்டகைக்குள் சேர்க்க வேண்டும். நனைந்தால் இரண்டு நாளில் புழு. ஆக, நாங்கள் எந்த நாளில் ஊரில் இருந்தாக வேண்டுமோ, அதே நாளில் அவருக்கு அத்தனை கையும் அங்கே வேண்டும். "மழை ஒங்களுக்கு வெதை. எனக்குப் புழு. மழைக்குப் போனவன் மழைகிட்டயே சோறு கேட்டுக்கிறணும்" என்பார். மழைக்கு ஒரு நாள் ஊரில் நின்ற வீட்டை மறுநாள் கூப்பிடமாட்டார்.

அவரும் எங்களைப்போல உள்நாட்டு ஊரில் ஏர் பிடித்துவிட்டு வந்தவர்தான். ஒருதரம் கருவாட்டை அள்ளிக்கொண்டிருக்கிறோம், பெரிய பெரிய துளியாக விழுகிறது. எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்த மனுசன் திடீரென்று குடையை மடக்கிவிட்டு முகத்தை மேலே தூக்கி, மூக்கை இழுத்து, அந்த மண் வாசனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் மூடியிருந்தது. நான் கூடையோடு பக்கத்தில் நிற்பதைப் பார்த்ததும், "என்னலே வேடிக்கை? அள்ளு!" என்று முதுகில் குடையால் ஒரு போடு போட்டார். அன்றைக்குத்தான் எனக்கு அவர்மேல் கோபம் ஊறிப்போயிற்று. தெரியாதவர் செய்தால் போகட்டும் என்று விடலாம். இவருக்கு அந்த ஈரம் என்னவென்று தெரியும்.

ஏழெட்டு வருசம் இப்படிப் போனது. இரண்டு வருசம் அடுத்தடுத்து வானம் பொய்த்து மூன்றாவது வருசம் ஒரு ராத்திரி ஊற்றியது பாருங்கள், கண்மாயில் தண்ணீர் சலசலவென்று ஓடும் சத்தம் படுக்கையில் கேட்டது. விடிந்ததும் கிட்டங்கிக்குப் போகிற பதினாறு வீட்டு ஆம்பளைகளும் கோயில் முன்னால் கூடினோம். கிணத்தடி வீட்டுச் சோணமுத்துதான் வழி சொன்னான்.

"ஒருத்தன் நின்னாத்தான அவன் எடத்த இன்னொருத்தனுக்குக் குடுப்பாரு? பதினாறு வீடும் நின்னுட்டா? யார வச்சு அள்ளுவாரு, அவரு மாமியாள வச்சா?"

எல்லோரும் சிரித்தோம். ஒருத்தன்கூட ரயிலேறக் கூடாது, மூன்று நாள் விதைத்துவிட்டு நாலாம் நாள் பதினாறு பேரும் சேர்ந்தே போய் நிற்பது என்று சூடத்தை அணைத்துச் சத்தியம் பண்ணினோம். யாரும் சத்தியத்தை மீறவில்லை. அந்த மூன்று நாளும் எங்கள் ஊர் இருந்த இருப்பை நான் மறக்கமாட்டேன். புருசனும் பெண்டாட்டியும் ஏரும் மாடுமாக ஊரே வயலில் கிடந்தது.

நாலாம் நாள் மண்டபத்தில் இறங்கினோம். மேஸ்திரி குடையை ஊன்றிக்கொண்டு பிளாட்பாரத்தில் நின்றார். எங்களைத் தாண்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். சோணமுத்து போய், "அண்ணே, வந்துட்டோம்" என்றான்.

"எங்க?"

"வேலைக்கு."

"கிட்டங்கியில போயி எட்டிப் பாரு."

போய்ப் பார்த்தோம். கடலாடிப் பக்கத்து ஆட்கள் பதினாறு பேர் தொட்டியடியில் குந்தி மீன் வகிர்ந்துகொண்டிருந்தார்கள். கொட்டகை ஓரத்தில் அவர்கள் மூட்டை முடிச்சு. அங்கேயே படுக்கை, அங்கேயே சோறு. எங்கள் ஊரில் மழை விழுந்தது தெரிந்ததும் மேஸ்திரி இராமநாதபுரத்துக்குப் போய் முதல் பஸ்ஸைப் பிடித்துக் கடலாடிப் பக்கம் போயிருக்கிறார். அங்கே ஒரு துளி விழவில்லை. நம் சீமையில் மழை ஒரு ஊருக்குப் பெய்து அடுத்த ஊரைத் தாண்டிப் போவது பிறந்த பிள்ளைக்குத் தெரியும். அது தெரிந்த பதினாறு ஆம்பளைகள் ஒன்றாகக் கூடி யோசித்து, நமக்குப் பெய்த மழை எல்லோருக்கும் பெய்தது என்று நினைத்துச் சத்தியம் பண்ணினோம்.

அதற்குப் பிறகு கார்த்திகை முடியும்வரை மழை இல்லை. முளைத்தது சாண் உயரத்தில் கருகிப்போனது. விதைநெல்லும் போய், இடமும் போய், தை மாதத்தில் எங்கள் வீட்டில் பனங்கிழங்கைத் தவிர வேறொன்றும் வேகவில்லை. நான் வெட்கத்தை விட்டுப் பிளாட்பாரத்தில் போய் நின்றேன். பத்து நாள் நின்றிருப்பேன். பதினோராம் நாள் மேஸ்திரியே பக்கத்தில் வந்தார். "வெளைஞ்சுச்சா?" என்று கேட்டார். "ஆம்பளை எடம் இல்ல. பொம்பளை எடம் ஒண்ணு இருக்கு. ஒம் பொண்டாட்டிய அனுப்பு" என்றார்.

அந்தக் காலத்தில் எங்கள் ஊர்ப் பெண்கள் ரயிலேறி வேலைக்குப் போனதில்லை. அது வீட்டுக்குக் குறைச்சல் என்று இருந்தோம். பெண்ணாளுக்கு அரைக் கூலி வேறு. நான் வீட்டுக்கு வந்து சொல்லாமல் இரண்டு நாள் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் என் பெண்டாட்டி பேச்சிக்கு யார் மூலமாகவோ தெரிந்துவிட்டது. "குறைச்சலு என்ன குறைச்சலு? பிள்ளைக பசியில படுத்துக் கெடக்கிறது ஒமக்குக் குறைச்சலாத் தெரியலையா?" என்று கேட்டுவிட்டு விடியக்காலம் கிளம்பிப் போனாள். பிளாட்பாரத்தில் மேஸ்திரி "புளியடி வீடு வந்தாச்சா?" என்று கேட்க, இவள் "வந்தாச்சு" என்று சொல்லியிருக்கிறாள். அன்றையிலிருந்து மூன்று வருசம் நான் வீட்டில் கஞ்சி காய்ச்சினேன். மூன்று வருசம் கழித்துத்தான் எங்கள் பதினாறு வீட்டுக்கும் ஆள் அனுப்பினார். வந்து என் இடத்தில் நின்றேன், பேச்சி வீட்டோடு இருந்தாள். இவ்வளவு செய்தவருக்கும் கடைசியில் மனசு இரங்கியதே என்று அந்த ஒன்றுக்காக மட்டும் நான் அவரை ஒரு மனுசனாக நினைத்து வந்தேன்.

அவர் செத்த வீட்டுத் துட்டிக்கு என்னோடு பேச்சியும் போனாள். போனவள் சும்மா வரவில்லை, தலையை விரித்துப் போட்டு மாரில் அடித்து ஒப்பாரி வைத்தாள். கூட்டத்துக்குள் எனக்குத் தாங்கவில்லை. திரும்பும் வழியில் கேட்டேன், "நான் செத்தா இப்படி அழுவியா?"

"அவரு எடம் குடுத்தாரு. நீரு மழைக்குப் போனீரு" என்றாள்.

புது மேஸ்திரியாக அவருடைய மருமகன் வந்திருக்கிறார். என் மருமகள்தான் இப்போது அங்கே புளியடி வீடு. "மழைக்கு மூணு நாள் விடுவீகளா?" என்று கேட்டிருக்கிறாள். "எங்க மாமா வச்ச சட்டந்தேன்" என்றாராம். இதோ ஐப்பசி வருகிறது. ஆகவே பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் நான் இராமநாதபுரம் போய்க் கடலாடி பஸ்ஸில் ஏறினேன். நாங்கள் மழைக்கு நின்றபோது என் இடத்தில் வந்து குந்தியவன் முத்திருளன். அவன் முகம் எனக்கு மறக்கவில்லை, பேர் பேச்சிக்குத் தெரிந்திருந்தது. விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். என்னைப்போலவே கிழவனாகியிருந்தான்.

"நீதான எங்க எடத்துல ஒக்காந்தவன்?" என்றேன்.

அவன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். "மழைக்குப் போன ஊர்க்காரனா நீ? வெளைஞ்சுச்சா?"

"இல்ல."

இருமல் வரும்வரை சிரித்தான். பிறகு சொன்னான்: "எங்களுக்கும் மூணு வருசம் கழிச்சு மழை பெஞ்சுச்சு. வெதைக்க ஓடியாந்தோம். திரும்பிப் போனா ஒங்க ஊர்க்காரன் பூராம் தொட்டியடியில குந்தியிருக்கீக. எங்க எடத்துல ஒக்காந்திருக்கியேன்னு ஒன்னயக் கைகாட்டிக் கேட்டேனே, நீ திரும்பிக்கூடப் பாக்கலையே!"

எனக்கு ஞாபகம் இருக்கிறது. யாரோ கொட்டகை வாசலில் நின்று கத்தினார்கள். நான் குனிந்து மீன் வகிர்ந்துகொண்டிருந்தேன். மேஸ்திரி மனசு இரங்கி ஆள் அனுப்பினார் என்று இத்தனை வருசம் நினைத்திருந்தேன். முன்னே எங்களுக்குச் செய்ததை அந்தத் தடவை அவர்களுக்குச் செய்திருக்கிறார், அவ்வளவுதான். அவரைப் பற்றி என்னிடம் இருந்த ஒரே நல்லதும் அன்று முத்திருளன் வாசலில் போயிற்று.

அன்று பொழுது சாயும்வரை பேசினோம். எங்கள் பக்கம் மழை பெய்து நாங்கள் நின்றால் அவர்கள் வரக் கூடாது. அவர்கள் பக்கம் பெய்து அவர்கள் நின்றால் நாங்கள் போகக் கூடாது. மூன்றே நாள். "சொல்றது லேசு. அன்னைக்கு எங்கூட்டு அடுப்பு எரியலைன்னா?" என்று முத்திருளன் கேட்டான். பிறகு அவனே, ஊராட்களைக் கூப்பிட்டுப் பேசிப் பார்க்கிறேன் என்றான்.

நல்லதாக நாலு வார்த்தை கேட்டீர்கள். ராக்கப்பன் மேஸ்திரியிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது ஒன்றுதான்: மழை பெய்யாத ஊருக்கு முதல் பஸ்ஸில் போக வேண்டும். அதை அவர்தான் எனக்குக் காட்டினார். அவர் போன காரியத்துக்கு நான் போகவில்லை. அவர் படத்துக்கு மாலை போடுகிறவர்கள் போட்டுக்கொள்ளட்டும்.

முந்தாநாள் ராத்திரி எங்கள் ஊரில் மழை கொட்டியது. கிட்டங்கிக்குப் போகிற ஒரு வீடும் ரயிலேறவில்லை. பகலெல்லாம் விதைத்துவிட்டுச் சேறு காயாத கையோடு மருமகள் இதை எழுதுகிறாள். நான் இரண்டு நாளாக விடியக்காலம் உச்சிப்புளி ரயிலடிக்குப் போய், மண்டபம் போகிற வண்டியைப் பெட்டி பெட்டியாக எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன். மூட்டை முடிச்சோடு கடலாடி ஆள் ஒருவரும் இதுவரை இல்லை. நாளைக்கு ஒரு நாள் இருக்கிறது.