கார் நிறுத்தக் கட்டிய தளம்

கட்டட அனுமதி வழங்கும் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஆகவே மன்னார் நகரில் கார் நிறுத்த இடத்தோடு வாடகை வீடு தேடியபோது, காணி உறுதிப் பத்திரம், வரைபடம், ஒப்பந்தம் எல்லாவற்றையும் நானே சரிபார்த்தேன். குறை சொல்ல எதுவும் கிடைக்காததில் எனக்குச் சிறிது வருத்தம்கூட.

குடிபுகுந்த அன்று, முற்றத்துச் சீமெந்துத் தளத்தில் காரை நிறுத்திவிட்டு இறங்கினேன். முழங்கால் வருத்தக்காரியான மனைவி காருக்குள்ளேயே இருந்தாள்.

“இஞ்சருங்கோ, கார் பின்னுக்குச் சரியுது.”

“மழைத்தண்ணி ஓடச் சரிவாத்தான் போடுவினம். அதுதான் முறை,” என்று விளக்கினேன்.

“முறையை விடுங்கோ, கதவைத் திறவுங்கோ!”

அவளுடைய குரல் மாறியதால்தான் திறந்தேன். கையைப் பிடித்து வெளியே இழுத்ததுதான் தாமதம், தளம் பிளந்து காரின் பின்பக்கம் நிலத்துக்குள் இறங்கியது. ஆழத்தில் தண்ணீர் மினுங்கியது.

வீட்டுக்கார அம்மா ஓடிவந்து தலையில் கை வைத்தார். “ஐயோ சேர், அது பழைய கிணறு. குழாய்த்தண்ணி வந்தாப்பிறகு பலகை போட்டு மூடிச் சீமெந்து பூசினது. ஸ்கூட்டர் எல்லாம் நிண்டதுதானே!”

“இவரிட்டச் சொல்லாதேங்கோ, அதுக்கும் ஒரு முறை இருக்கெண்டு சொல்லுவார்,” என்றாள் மனைவி.

காரைத் தூக்கி எடுத்துத் திருத்திவிட்டு, இப்போது வேறு வீடு பார்க்கிறோம். எங்கே போனாலும், “முந்தி கிணறு எங்க இருந்தது?” என்றுதான் முதலில் கேட்கிறேன், கடதாசிகள் அதற்குப் பிறகு. வீட்டுக்காரர் அந்த இடத்தைக் கையால் தொட்டுக் காட்டும்வரை கார் தெருவில் நிற்கும். மனைவி இறங்கிய பிறகே அதை உள்ளே விடுகிறேன்.