பாத்திரம் தேய்த்த பஞ்சு

என் அக்கா புருஷனுக்குப் பட்டறையில் வைத்த பெயர் 'சுத்தம்'. கிண்டலுக்கு வைத்தார்கள்; அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். பேருந்தில் கம்பியைப் பிடிக்கக் கைக்குட்டை, அடுத்தவர் பேனாவைத் தொடக் கைக்குட்டை. சாப்பிட்ட தட்டை அப்படியே போட்டுவிட்டு எழுந்துவிடுவார். எச்சில் தட்டைத் தொட்டால் குமட்டுமாம். அதுவும் அவருடைய சொந்த எச்சில்!

அக்காவின் கையைப் பார்த்தாலும் அவருக்கு ஆகாது. பாத்திரச் சோப்பு ஒத்துக்கொள்ளாமல் அவள் விரல்கள் தோலுரிந்து வெடித்திருக்கும். ஒருநாள் அவள் ரொட்டியைக் கையால் எடுத்து வைக்கப்போக, இவர் தட்டை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். மறுநாள் பட்டறையிலிருந்து சின்ன இடுக்கி ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"இனிமே இடுக்கியால போடு."

அக்கா போட்டாள். அவர்கள் வீட்டில் தங்கித்தான் நான் வேலைக்குப் போய்வந்தேன். அந்த இடுக்கி தட்டில் படும் சத்தம் கேட்டாலே எனக்கு அருவருப்பாக இருக்கும். ரொட்டியைப் பார்த்து அல்ல, அந்த மனுஷனைப் பார்த்து.

இவ்வளவு சுத்தக்காரருக்கு வாய்த்த வேலை சாக்கடைப் பம்பு செய்வது. சாக்கடையோடு வரும் மணல், பம்புக்குள் சுழலும் இறக்கைகளை அரித்துத் தின்றுவிடும். அதற்கு அத்தான் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். நுரைப்பஞ்சைப் பீங்கான் கூழில் முக்கிப் பிழிந்து, காயவைத்து உலையில் சுட வேண்டும். பஞ்சு எரிந்துபோய், அதே உருவத்தில் பீங்கான் கூடு மட்டும் நிற்கும். கூட்டின் ஓட்டைகளுக்குள் இரும்பை உருக்கி ஊற்றினால் இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். பீங்கான் தேயாது, இரும்பு உடைய விடாது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஊற்றிப் பார்த்தால் இரும்பு உள்ளே இறங்காமல் மேலேயே நின்றது. இறக்கையின் விளிம்பு பொலபொலவென்று உதிர்ந்தது.

ஒருநாள் பட்டறையில் பஞ்சு தீர்ந்துவிட்டது. எங்கள் சமையலறை ஜன்னலில் அக்கா பாத்திரம் தேய்த்துக் காயவைத்திருந்த பழைய பஞ்சை இடுக்கியால் பிடித்து, காகிதத்தில் சுற்றி எடுத்துப்போனார். அந்தப் பஞ்சில் வார்த்த இறக்கை மட்டும் மாதக்கணக்கில் சாக்கடையில் சுழன்றும் தேயவே இல்லை.

முதலாளி இவரைத் தோளில் தட்டி, எந்தப் பஞ்சு என்று கேட்டாராம். அன்று வீட்டுக்கு வந்து அதைப் பெருமையாகச் சொன்னார்.

"விசேஷமான பஞ்சுங்க, வெளியிலருந்து வரவழைச்சதுன்னு சொல்லிட்டேன்."

"என் பஞ்சைத் தேடித் தேடிப் பார்த்தேனே, அதுவா?" என்றாள் அக்கா.

"சத்தம் போடாதே. பாத்திரம் தேய்க்கிற பஞ்சுன்னு வெளிய சொல்ல முடியுமா? அசிங்கம்."

முதலாளி அந்தப் பேச்சை நம்பி, இருப்பதிலேயே விலை உயர்ந்த புதுப் பஞ்சை மூட்டை மூட்டையாக வாங்கிப் போட்டார். அதில் வார்த்த இறக்கைகள் ஒன்றுவிடாமல் உடைந்தன. ஊர்ச் சாக்கடை பம்பு அறைக்குள் முழங்கால் அளவு நின்றது. அத்தானும் அதில் இறங்கி நின்றார். அடுத்த தடவையும் உடைந்தால் வேலை கிடையாது என்று முதலாளி எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

பிறகுதான் இவர் பூதக்கண்ணாடியை எடுத்தார். புதுப் பஞ்சின் ஒவ்வொரு ஓட்டையையும் மெல்லிய ஏடு ஒன்று மூடியிருந்தது; கூழ் அதில் படிந்து இரும்பு இறங்கும் வழியை அடைத்திருந்தது. அக்காவின் பஞ்சில் மிச்சமிருந்த துண்டில் அந்த ஏடு எங்குமே இல்லை. தினமும் அடிப்பிடித்த சட்டிகளோடு மல்லுக்கட்டி, அவள் கைதான் அதையெல்லாம் கிழித்திருந்தது. புதுப் பஞ்சைக் கம்பித் தூரிகையால் கீறிப் பார்த்தார். பஞ்சே நார்நாராகப் போனது.

சாயங்காலம் ஒரு சாக்கு நிறையப் புதுப் பஞ்சோடு வந்தார்.

"இதையெல்லாம் தேச்சுக் குடு. யாருக்கும் தெரிய வேணாம்."

அக்கா விரல்களை விரித்துக் காட்டினாள். "நான் தொட்டா உங்களுக்கு ஆகாதே."

"அதெல்லாம் உலையில எரிஞ்சிடும். சுத்தமாயிடும்."

இதைச் சொல்லும்போது அந்த முகத்தில் ஒரு சுளிப்பில்லை. எதிரில் வைத்திருந்த தண்ணீரை மூஞ்சியில் ஊற்றிவிடலாமா என்றிருந்தது எனக்கு. அக்கா கோபப்படவில்லை. மத்தியானம் அவர் சாப்பிட்டுப் போட்டிருந்த தட்டைக் கழுவுதொட்டியில் வைத்தாள்.

"அப்ப நீங்களே தேய்ங்க. இதுலருந்து ஆரம்பிங்க. முடியாதுன்னா சொல்லிடுங்க, நாளைக்கு உங்க முதலாளிகிட்ட நானே வந்து பேசறேன்."

வேலை போனாலும் பரவாயில்லை, இந்த விஷயம் வெளியே தெரியக்கூடாது என்பதுதான் அவர் பயம். தேய்த்தார். ஊறிப்போன மிச்சம் விரலில் ஒட்டியதும் தொட்டியிலேயே வாந்தி எடுத்தார். அதையும் அவரே கழுவினார். அப்புறம் ஒவ்வொரு நாளும் எங்கள் மூன்று பேர் பாத்திரமும் அவர் கையில்தான். முதலாளி கேட்டதற்கு 'ரகசியப் பக்குவம்' என்றாராம். இறக்கைகள் உடையாமல் ஓடின, வேலையும் தப்பியது. பட்டறையில் மாலைகூடப் போட்டார்கள். அக்காவைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை பேசவில்லை.

மாலையோடு வந்த அன்று மூவரும் சாப்பிட உட்கார்ந்தோம். என்ன தோன்றியதோ, ஒரு ரொட்டியை எடுத்து அக்காவின் தட்டில் வைக்கக் கையை நீட்டினார். அப்போதுதான் அவருடைய விரல்களைச் சரியாகப் பார்த்தேன். நுனியெல்லாம் தோலுரிந்து, நகத்தோரம் வெடித்து, ரத்தம் கட்டியிருந்தது.

அக்கா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மேசையிலிருந்த இடுக்கியை அவர் முன்னால் தள்ளினாள்.

"இடுக்கியால போடுங்க."

அவர் போட்டார்.