இன்னொருக்கா வாசி

அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன வருஷம், மாமாவின் பழைய கிட்டார் தெமோதரைக்குப் பக்கத்தில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் லயத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தது. மாமா, அம்மாவின் தம்பி. பதுளை டவுனில் கல்யாண வீடுகளுக்கு வாசிக்கும் குழுவில் இருந்தார். புதியது வாங்கியதும் பழையதை என் மடியில் வைத்துவிட்டார். அதைக் கட்டிப் பிடித்தால் எனக்கு எதிரே இருப்பது தெரியாது, அத்தனை பெரிசு.

"நான் வர்றதுக்குள்ள ஒரு பாட்டாவது முழுசா பழகி வைக்கணும், சரியா?" என்று அம்மா ஃபோனில் சொன்னாள். ஒப்பந்தம், விசா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் அதைத் திருப்பிப் போட்டுப் புரிந்துகொண்டேன்: பாட்டு முழுசாக வந்துவிட்டால் அம்மாவும் வந்துவிடுவாள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் பழக வேண்டும் என்று மாமாவிடம் கேட்டேன்.

"அரை மணித்தியாலம் போதும். ஆனா ஒரு நாளும் விடக்கூடாது."

அரை மணித்தியாலமாக வாசித்தால் அம்மா எப்போது வந்து சேருவது? பள்ளிக்கூடம் விட்டு வந்ததிலிருந்து இருட்டும்வரை வாசித்தேன். மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கும். தேயிலை மறையும், பாதை மறையும், கீழ் லயம் மறையும். கடைசியில் நானும் கிட்டாரும் மட்டும் வெள்ளைக்குள் மிதப்போம். கம்பியை மீட்ட மீட்ட, அந்த ஒலி பனிக்குள் நடந்து போய் எங்கோ கடலைத் தாண்டுவதாக நினைத்துக்கொள்வேன். சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டுப் பெரியம்மா மட்டும் ஒருநாள், "பாட்டுல மிச்சத்தையும் எப்பத்தான் வாசிப்ப?" என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா குவைத்திலிருந்து ஃபோன் கோல் எடுப்பாள். அப்பா ஃபோனைக் கிட்டார் அருகே பிடிப்பார். நான் வாசித்து முடித்து, "சரியா வந்துச்சாம்மா?" என்பேன்.

"இன்னும் கொஞ்சம் வரணும். இன்னொருக்கா வாசி."

ஒரு வெள்ளிக்கிழமை பிசகே இல்லாமல் வாசித்தேன். பக்கத்தில் இருந்த மாமாவே தலையாட்டினார். அம்மா அப்போதும் "இன்னொருக்கா" என்றாள். அடுத்த வாரம் வெறி பிடித்தவளாய் வாசித்தேன். விரல் நுனிகள் கொப்பளித்து உடைந்தன. மாமா பார்த்துவிட்டு, "பழகுறதுன்னா விரலக் கொல்றதில்ல, பைத்தியமே" என்று கிட்டாரை அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை அம்மா கோல் எடுத்ததும் சொல்லிவிட்டேன். "விரலெல்லாம் புண்ணு. வாசிக்க முடியல. இனி நீ வர மாட்டியா?"

"அப்பிடியா நெனச்ச?" என்றாள் அம்மா. "பாட்டு எப்பவோ சரியா வந்திருச்சு, கண்ணு."

"அப்ப எதுக்கு இன்னொருக்கா இன்னொருக்கான்னு சொன்ன?"

"வாசிக்க வேணாம். ஃபோன வைக்காம அப்பிடியே இரு" என்றாள்.

இருந்தேன். கூரைத் தகரத்தில் மழை பெய்தது. அடுப்பில் விறகு வெடித்தது. அப்பா ரொட்டிக்கு மாவு பிசைந்தபடி இருமினார். தம்பி எதற்கோ சிணுங்கினான். எனக்குச் சலித்துப் போயிற்று.

"ஒண்ணும்தான் கேக்கலியே, எதுக்கும்மா லைன்ல இருக்க?"

"கேக்குது கண்ணு, கேக்குது."

என்ன கேட்கிறதென்று எனக்கு விளங்கவில்லை. லைன்தான் கோளாறு என்று நினைத்து, ஃபோனைச் சட்டையில் துடைத்து மறுபடி காதில் வைத்துக்கொண்டேன்.