நிலவு முந்திக்கொண்ட முயல் வேட்டை

அன்பினால் ஒருவர் செய்யத் துணியும் தவறை, அந்த அன்பைப் புண்படுத்தாமல் தடுப்பது எப்படி? சென்ற ஆண்டு கோடையில், காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் உள்ள எங்கள் வீட்டில், இந்தக் கேள்வி என்னைச் சில நாள்கள் படுத்தி எடுத்தது.

என் அண்ணனும் அண்ணியும் பட்டு நெய்பவர்கள். நான் சமூகப்பணி படித்துவிட்டு, நோயாளிகளின் குடும்பங்களைச் சந்திக்கும் வேலையில் இருக்கிறேன். அண்ணிக்குப் புற்றுநோய் வந்து, நீண்ட சிகிச்சைக்குப் பின் உடல் தேறியது. ஆனால் இடுப்பைத் தொட்ட கூந்தல் முழுவதும் போய்விட்டது. தலையைத் துணியால் சுற்றிக்கொண்டு, மருத்துவமனைக்குத் தவிர வேறெதற்கும் அவர் வாசலைத் தாண்டவில்லை. சொந்தத் தங்கையின் திருமணம் நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்கும் வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டார்.

முடி தானாகவே வளரும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அண்ணனுக்கு அது போதவில்லை. முயல் ரத்தம் சேர்த்துக் காய்ச்சிய தேங்காயெண்ணெய் தடவினால் முடி அடர்ந்து வளரும் என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டார். அது வெறும் நம்பிக்கைதான் என்று நான் எடுத்துச் சொன்னேன். காட்டு முயலைப் பிடிப்பது சட்டப்படி குற்றம், அகப்பட்டால் அண்ணியைப் பரிசோதனைக்கு யார் அழைத்துப் போவது, தறியை யார் பார்ப்பது என்றும் கேட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அண்ணன் சொன்னார்:

"எல்லாம் தெரியும்மா. அவளுக்கு நான் வேற இன்னா செய்ய முடியும், சொல்லு. நீ லைட்டு மட்டும் புடி. வராட்டி நான் தனியா போய்க்கிறேன்."

அவரைத் தனியாக அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் பகுதியில் அமாவாசையன்று தறி ஓடாது. இளம் வயதில் அண்ணன் அந்த விடுமுறை இரவுகளில்தான் நண்பர்களோடு முயல் பிடிக்கப் போவாராம். வேலையும் இல்லை, வானத்தில் நிலவும் இல்லை. இருட்டை நம்பி முயல்கள் புதரை விட்டு வெகுதூரம் மேய வரும். முகத்துக்கு நேரே விளக்கைப் பாய்ச்சினால் கண் கூசி, அப்படியே உறைந்து உட்கார்ந்துவிடும். விளக்குக்குப் பின்னால் வரும் மனிதன் அதற்குத் தெரிய மாட்டான். வலையைப் போட்டுவிடலாம். நிலவு இருந்தால் இந்த வித்தை பலிக்காது. முயல் புதரோரத்திலேயே நிற்கும், ஆளின் நிழலைக் கண்டதும் பாய்ந்துவிடும்.

அண்ணிக்கு நோய் வந்தபின் அமாவாசை விடுமுறைகளெல்லாம் மருத்துவமனைக்கே சரியாகப் போயின. அடுத்த அமாவாசைக்காகக் காத்திருந்தால் எண்ணெய் காய்ச்சுவதற்குள் திருமணமே முடிந்துவிடும். ஆகவே அண்ணன் வேறொரு கணக்குப் போட்டார். பௌர்ணமி கழிந்து சில நாளில், சூரியன் மறைந்ததற்கும் நிலவு எழுவதற்கும் நடுவே சிறிது நேரம் நல்ல இருட்டு இருக்கும். அதற்குள் வேலையை முடித்துவிடலாம் என்றார்.

புறப்படும் மாலையில் அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"நானும் வரேன்."

"நீ எதுக்குமா? முள்ளும் மேடுமா இருக்குது."

"என் தலைக்குத்தானே எண்ணெய்? நான் வராம எப்படி?"

மாதக்கணக்கில் வெளியே வராதவர் தாமாக வருகிறேன் என்றபோது, மறுக்க அண்ணனால் முடியவில்லை. அண்ணி பின்னால் உட்கார்ந்திருந்ததால் அண்ணன் ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டியைத் தாலாட்டுவது போல ஓட்டினார். நான் என் ஸ்கூட்டரில் பின்தொடர்ந்தேன். முசரவாக்கத்தைத் தாண்டி, வேர்க்கடலை விதைத்திருந்த நிலங்களை ஒட்டிய ஏரிக்கரையை அடையும்போதே நன்றாக இருட்டிவிட்டது. வலையைப் பிரித்து, சிக்கெடுத்து முடிப்பதற்குள் பனைமரங்களுக்குப் பின்னால் வானம் வெளுத்தது. நிலவு எங்களை முந்திக்கொண்டது.

"போச்சு," என்றார் அண்ணன்.

"நிலாகிட்ட நேரம் கேட்டுக்கினு வந்திருக்கலாம் இல்ல?" என்றார் அண்ணி.

இருந்தாலும் முயன்று பார்த்தோம். கொடியோரத்தில் ஏதோ அசைந்தது. நான் விளக்கைப் போட்டேன். சிவப்பாக இரண்டு புள்ளிகள் மின்னின. ஒரு கணம்தான். நீண்டு கிடந்த எங்கள் மூவரின் நிழலையும் முயல் பார்த்திருக்க வேண்டும். தாவிப் புதருக்குள் மறைந்தது.

"லைட்டை அணைச்சிடு. கொஞ்சம் உக்காந்து பாப்போம்," என்றார் அண்ணன். கரைச் சரிவின் நிழலில் உட்கார்ந்தோம். காற்று ஏரிப் பக்கமிருந்து வந்தது. அண்ணி தலைத்துணியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். வீட்டில் எங்கள் முன்கூட அவர் அதை அவிழ்த்ததில்லை. நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

வெகுநேரம் கழித்து அந்த முயலோ வேறொன்றோ வெளியே வந்தது. முதலில் மூக்கு, பிறகு பாதி உடல், பிறகு முழுவதும். சற்று மேய்ந்துவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, முன்னங்கால்கள் இரண்டாலும் ஒரு காதை முகத்தருகே வளைத்து இழுத்து நிதானமாக நக்கியது. ஒன்றை முடித்து மற்றொன்று. நிலவொளி அதன் காது மடலுக்குள் ஊடுருவித் தெரிந்தது. அண்ணன் கையில் வலை இருந்தது. அவர் அசையவில்லை.

"இத்தினி முயல் புடிச்சிருக்கேன்," என்றார் மெல்ல. "அதோட காதை இன்னிக்குத்தான் பாக்கறேன். லைட்டடிச்சா ரெண்டு கண்ணுதான்பா தெரியும்."

"எனக்கும் அப்படித்தாங்க," என்றார் அண்ணி. "வீட்டுக்கு வர்றவங்க லைட்டடிக்கற மாதிரி நேரா தலையைத்தான் பாக்கறாங்க. நானும் அசையாம உக்காந்துடறேன்."

அண்ணன் அவர் பக்கம் திரும்பினார். வெகுநேரம் பார்த்தார். பிறகு கையை நீட்டி அவர் தலையைத் தொட்டார். இருட்டிலும் அறுந்த இழையைத் தடவிக் கண்டுபிடிக்கும் விரல்கள் அவருடையவை. நெற்றியோரத்தில் அவை நின்றன.

"ஏம்மா, முளைச்சிருக்குதே!"

"ஆமா."

"எப்பலேர்ந்து?"

"கொஞ்ச நாளா. நீங்க எங்க பாத்தீங்க? முயலைத் தேடிக்கினு இருந்தீங்க."

"சொல்லியிருக்கலாம் இல்ல?"

"உங்க எண்ணெயாலதான் வளந்துச்சுன்னு சொல்லணும்னு எனக்கு ஆசை. அதான் வாயை மூடிக்கினு இருந்தேன். ஆனா, நீங்க எங்கனா மாட்டிக்கிட்டா நான் இன்னா பண்ணுவேன்? அந்த உசுரும் பாவம். மனசு கேக்கலை, வந்துட்டேன்."

அண்ணன் வலையைச் சுருட்டிப் பைக்குள் வைத்த சத்தத்தில் முயல் காதை நிமிர்த்தியது. ஆனாலும் ஓடவில்லை. நாங்கள் எழுந்தபோதுதான் ஓடிற்று. திரும்பும் வழியில் ஒரு கடையருகே நிறுத்தி டீ குடித்தோம். தலைத்துணி அண்ணியின் கையிலேயே இருந்ததை, கடைக்காரர் கோப்பையை நீட்டிய பிறகுதான் நான் கவனித்தேன். அண்ணியும் அதைக் கவனித்தார். எடுத்துக் கட்டிக்கொள்ளவில்லை.

சட்டத்தையும் விளைவுகளையும் எடுத்துச் சொன்ன நான், அண்ணனைத் தடுப்பது எப்படி என்ற கேள்விக்கு விடையை அண்ணியிடம் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. யாருக்காக அந்த முயல் தேவைப்பட்டதோ, அவரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எடைபோட்டிருந்தேன்.

தன் தங்கையின் திருமணத்துக்கு அண்ணி ஓர் அரிசி நீள முடியோடு, தலையை மூடாமல் வந்தார். அண்ணன் அதன்பின் வேட்டைக்குப் போகவில்லை. அந்த வலை இப்போது எங்கள் மாடியில் காயும் வடகத்தைக் காக்கையிடமிருந்து காக்கிறது. நான் ஒரு நோயாளியின் வீட்டுக்குப் போனால், குடும்பத்தாரிடம் பேசுவதற்கு முன் அவர் அருகில் போய் உட்கார்ந்து, அவருக்கு என்ன வேண்டும் என்று அவரிடமே கேட்கிறேன்.