நகம் பார்த்த கூட்டம்

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று நான் நினைக்காத வருஷம் கிடையாது. இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் நான் டீச்சர். விருதுநகரில் வத்தல் மொத்த வியாபாரம் செய்கிற வீட்டில் பிறந்தவள். காலையில் சாத்தூர் போய் பஸ் மாறி வந்து இறங்குவேன், பாடம் நடத்துவேன், சாயங்காலம் அதே வழியில் வீட்டுக்குப் போய்விடுவேன். அந்த ஊரைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்புதான் குடியைக் கெடுத்தது. என் குடியை இல்லை, இன்னொருத்தி குடியை.

அந்த வருஷம் சின்னப் பிள்ளைகளுக்கான சாரணர் படையை எங்கள் பள்ளியிலும் தொடங்கச் சொன்னார்கள். பையன்களுக்குக் குருளையர், பெண் பிள்ளைகளுக்கு நீலப்பறவையர். எனக்குப் பயிற்சி கொடுத்தார்கள். முடிச்சு, கைதட்டல், உறுதிமொழி, தினம் ஒரு நற்செயல், பொய் சொல்லாமை. போன இடத்தில் நானும் சின்னப் பிள்ளை மாதிரி குதித்துவிட்டு வந்தேன்.

முதலில் பேர் கொடுத்தவள் மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி. அப்பா இல்லை. அம்மா பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கிற வேலை, அதாவது காகிதக் குழாய்க்குள் வெடிமருந்தைக் கையால் அடைப்பது. மகள் வாசிப்பில் முதல், கணக்கில் முதல், வாயில் அதற்கும் மேலே. சீருடைக்கு அளவெடுத்த அன்றைக்கு என்னிடம் வந்து நின்றாள்.

“டீச்சர், நீலக் கவுன் எனக்கே எனக்கா? இல்ல போட்டுட்டுத் திருப்பிக் குடுக்கணுமா?”

“உனக்கேதான்” என்றேன்.

பெற்றோருக்குப் படையை அறிமுகப்படுத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வைத்தோம். விருதுநகரிலிருந்து ஒரு கல்வி அதிகாரி வந்தார். சீருடைத் துணி அந்தப் பட்டாசுக் கம்பெனி கொடுத்தது. முதலாளிக்கு நேரமில்லை என்று போர்மேன் வந்து முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டார். பின்னால் தரையில் அம்மாமார்கள். தீபாவளி சீசன் நெருக்கம். வாரத்தில் கிடைத்த ஒரே லீவையும் நான் பிடுங்கிக்கொண்ட எரிச்சல் அவர்கள் முகத்தில் நன்றாகவே தெரிந்தது.

அரை மணி நேரம் பேசினேன். ஒழுக்கம் என்றேன், தன்னம்பிக்கை என்றேன். ஒருத்தர் எழுந்தார். “எல்லாஞ் சரி டீச்சர். இதுல சேந்தா என்ன கெடைக்கும்?”

“கை வேலை பழகுவாங்க. விதவிதமா முடிச்சுப் போடச் சொல்லித் தருவோம்.”

பின்னாலிருந்து ஒரு பொம்பளை சிரித்தாள். “முடிச்சா? எம் மகன் வீட்டுல ஒக்காந்து ஒரு நாளைக்கு எம்புட்டுச் சரவெடி பின்னுதான்னு வந்து பாருங்க. நீங்க அவன்ட்டப் படிக்கலாம்.”

கூட்டமே கொல்லென்று சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். எனக்குச் சுருக்கென்று தைத்தது. இந்தச் சனங்களுக்கு நல்லது செய்ய வந்தால் இவ்வளவு இளக்காரமா? நான் யாரென்று காட்டுகிறேன் பார் என்று ஒரு வீம்பு ஏறிக்கொண்டது. பயிற்சியில் சொல்லிக் கொடுத்த சுத்தப் பரிசோதனையை மேடையிலேயே செய்து காட்டுவது என்று முடிவெடுத்தேன். நீலக் கவுனில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, என் கெட்டிக்காரியை முதல் ஆளாக நிறுத்தினேன்.

“கையை நீட்டுங்க. நகத்தைக் காட்டுங்க.”

முதலில் அவள்தான் நீட்டினாள். நகத்தை ஒட்ட வெட்டியிருந்தாள். எலுமிச்சைத் தோலை வைத்துத் தேய்த்துத் தேய்த்து விரல் நுனியெல்லாம் சிவந்திருந்தது. ஆனாலும் நகக்கண்ணில் வெள்ளி வெள்ளியாக மின்னியது. அலுமினியத்தூள். மருந்துக்கு அதுதான் சேர்மானம். சோப்புக்குப் போகாது, புளிக்குப் போகாது, தானாக உதிர்ந்தால்தான் உண்டு.

எனக்கு அது தெரியாதா? திங்கட்கிழமை தவறாமல் அந்த மினுமினுப்பைப் பார்த்திருக்கிறேன். இவள் கையில் மட்டுமா? எல்லா டீச்சர்களும் பார்த்தோம், யாரும் வாயைத் திறக்கவில்லை. அத்தனை நாள் பார்த்தும் பாராமல் இருந்தவள், ஒரு சிரிப்புக்கு ரோஷப்பட்டு, அதிகாரியையும் போர்மேனையும் உட்காரவைத்துக்கொண்டு அதை விரித்துக் காட்டினேன். வேலியில் போன ஓணானை எடுத்து அடுத்தவள் மடியில் கட்டினேன்.

அதிகாரி குனிந்து பார்த்தார். “என்ன பாப்பா, நகத்துல பளபளன்னு?”

பின்வரிசையில் அவள் அம்மா விருட்டென்று எழுந்தாள். “வெள்ளிக் காயிதத்தை ஒட்டி வெளையாண்டா சார்.”

பிள்ளை அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அந்த வாரம்தான் நீலப்பறவை பொய் சொல்லக் கூடாது என்று நடத்தியிருந்தேன். ‘ஆமா சார், நான்தான் காகிதம் கொடுத்தேன்’ என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

“இல்ல சார்” என்றாள். “லீவு நாள்ல அம்மாகூட மருந்து அடைக்கப் போவேன். நேத்துங்கூடப் போனேன். அம்மாவைவிட நாந்தான் வேகமா அடைப்பேன்.”

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த நொடியில் எனக்குப் பெருமையாக இருந்தது. என் பிள்ளை பொய் சொல்லவில்லை என்று.

போர்மேன் துள்ளி எழுந்தார். “இந்தப் புள்ளைய நாங்க கண்ணால பாத்ததே இல்ல சார்.” அதிகாரி நோட்டில் ஏதோ எழுதினார். கலர் குடித்தார், மிக்சர் சாப்பிட்டார், ஜீப் ஏறிப் போனார். அந்த எழுத்தால் நடந்தது இவ்வளவுதான்: கம்பெனி வாசலில், குழந்தைகளை வேலைக்கு வைப்பதில்லை என்று புதுப் பெயின்டில் ஒரு போர்டு. திங்கட்கிழமை காலை கம்பெனி வேன் அந்த அம்மாவுக்காக நிற்கவில்லை. சுற்றுவட்டாரத்தில் எந்தக் கம்பெனியிலும் அவளைச் சேர்க்கவில்லை. போர்மேனுக்குப் போர்மேன் சொல்லிவிட்டிருந்தார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

மூன்றாம் வாரம் மகளைக் கூட்டிக்கொண்டு டி.சி. வாங்க வந்தாள். அச்சங்குளம் பக்கம் லைசென்ஸ் இல்லாத ஒரு பட்டாசு ஷெட்டில் வேலை கிடைத்திருக்கிறதாம்.

“அங்கன ரெண்டு பேரும் வந்தாத்தான் சேப்பாங்களாம் டீச்சர். இனி லீவு நாளுன்னு இல்ல, தெனமுந்தான்.”

“அப்ப படிப்பு? இம்புட்டு நல்லாப் படிக்கிற பிள்ளையைப் போய்...”

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. “நகத்தைப் பாத்தீக டீச்சர். வயித்தைப் பாத்தீகளா?”

டி.சி.யை எழுதிக் கொடுத்தேன். எங்கள் வீட்டில் ஒரு பிள்ளைக்குச் சோறு போட்டுப் படிக்க வைக்க முடியாதா என்ன? அந்த யோசனை அவர்கள் போய், நானும் பஸ் ஏறி, சாத்தூர் தாண்டிய பிறகுதான் வந்தது. வந்தும் நான் அச்சங்குளம் போகவில்லை. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கிளம்பும்போது பிள்ளை ஒரு பையை நீட்டினாள். நீலக் கவுன். துவைத்து மடித்திருந்தது.

“அது உனக்குத்தான், வச்சுக்கோ” என்றேன்.

“வேண்டாம். கம்பெனி குடுத்த துணி” என்றாள் அம்மா. பிள்ளை பையை மேஜை மேல் வைத்துவிட்டுக் கையை உடனே பின்னால் இழுத்துக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அடுத்த வருஷமும் பெற்றோர் கூட்டம் நடத்தச் சொன்னார்கள். நடத்தினேன். அதே பேச்சு, அதே மிக்சர். சுத்தப் பரிசோதனையை விட்டுவிட்டேன். புதுப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, வலது கையை உயர்த்தி எல்லாருக்கும் ஒரு வணக்கம் வைக்கச் சொன்னேன்.

ஒரு பிள்ளையும் கையைத் தூக்கவில்லை. அத்தனை பேரும் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அம்மாமார்களைப் பார்த்தார்கள். திரும்பச் சொன்னேன். அசையவில்லை. போன வருஷம் முடிச்சுக்குச் சிரித்தாளே, அந்தப் பொம்பளை பின்னாலிருந்து எழுந்தாள். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

“வணக்கத்தை வாயால சொல்லட்டும் டீச்சர். கைய மட்டும் கேக்காதீக.”